அயலார் பெருநாளும் நம் கடமையும்

தை, மாசியில் வரும் சீனப் புத்தாண்டின் முன்னிரவிலே, எங்கிருப்பினும் வீடு திரும்பி ஒரே பந்தியிலமர்ந்து உண்பது சீனர் மரபு. மிதிவண்டியிற் பட்டுச் சுமந்து விற்றும், பல் கட்டியும் வாழ்ந்த இலங்கைச் சீனக் குடும்பத்தாரும் அம்மரபினரே. எனினும் அவருட் பலர், 2008ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நாடற்றவராய் இருந்தனர். 1948இல் மலையகத்து நம்மவர் குடியுரிமை இழந்தமையை அறிந்த நமக்கு அத்துயர் புதிதன்று.

சீனப் பேரரசர் பெயரால் 1409இல் பொறிக்கப்பட்டுக் காலியிற் கிடைத்த கல்வெட்டிலே, சீனம், பாரசீகம் என்பவற்றோடு தமிழும் உண்டு. கொழும்பு நூதனசாலையில் அதனை என் மாணாக்கருக்குக் காட்டியிருக்கிறேன். நம் மொழிக்குக் கல்லில் இடமளித்த இனத்தாரை நாம் பொங்கற் பந்திக்கு அழைத்ததுண்டா? கொச்சிக்கடைத் தமிழர் இவ்வாண்டேனும் அவரை அழைத்தல் வேண்டும். அவர்தம் புத்தாண்டன்று வாயில் சென்று வாழ்த்துதலும் வேண்டும் என்பது என் துணிபு.