விளக்கை அணைப்பதா, பழுதை அறிவதா?

மலையக வீதிகளில் மின்சாரக் கார்கள் பெருகி வருகின்றன. யப்பானில் பாவித்துக் கழித்த நிசான் லீஃப் கார்கள் கடந்த தசாப்தத்தின் நடுப்பகுதியிலேயே இலங்கைக்கு வரத் தொடங்கின. 2020இல் இடைநிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதும் சீனத் தயாரிப்புகளும் சேர்ந்துகொண்டன. இவை பதுளை, பண்டாரவளைக் கராஜ்களுக்குப் புதியதொரு வினாவைக் கொண்டுவந்துள்ளன. இழுவைக் கட்டுப்பாட்டு எச்சரிக்கை விளக்கு எரிந்தால் செய்யவேண்டியது யாது? பலர் காணும் விடை, பழுதுக் குறியீட்டை அழித்து விளக்கை அணைத்துவிடுவதே. இது திருத்தமன்று, பழுதை மறைத்தல். ஆயினும் இதற்கான முதற்பொறுப்பு கராஜ்த் தொழிலாளியினுடையதன்று.

இழுவைக் கட்டுப்பாடு மாயவித்தையன்று. ஒவ்வொரு சில்லின் அருகிலும் வேகத்தை அளக்கும் உணரி ஒன்று உண்டு. இயக்கும் சில்லு ஏனையவற்றிலும் விரைந்து சுழலுமாயின் அது வழுக்குகின்றது என்பது பொருள். உடனே மோட்டாரின் முறுக்குவிசை குறைக்கப்படும். வேண்டின் அச்சில்லு பிரேக்கினால் தடுக்கப்படும். மின்மோட்டார் நின்ற நிலையிலேயே பெரும் முறுக்குவிசையைத் தரவல்லது ஆதலின், மழையில் நனைந்த ஏற்றத்தில் இக்கட்டுப்பாடு இன்றியமையாதது. விளக்கு கண்சிமிட்டினால் கட்டுப்பாடு தொழிற்படுகின்றது. அணையாது எரிந்தால் பழுது உண்டு, அல்லது அதனை நிறுத்தும் பொத்தான் அழுத்தப்பட்டுள்ளது. இவ்வேறுபாட்டை அறியாதார் பழுதில்லா வண்டிக்குப் பணத்தை இறைப்பர். பழுதுள்ள வண்டியில் துணிந்து செல்வர்.

பழுதறிதலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அப்பொத்தானைப் பார்த்தல் வேண்டும். அடுத்து, நான்கு டயர்களின் அளவும் தேய்வும் காற்றழுத்தமும் ஒத்துள்ளனவா என நோக்கல் வேண்டும்; அளவு மாறினால் சுழல்வேகமும் மாறும். மூன்றாவது, 12 வோல்ற்றுத் துணைப்பற்றரி. பெரிய பற்றரி நிறைந்திருப்பினும், இச்சிறிய பற்றரி தளர்ந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தடுமாறிப் பல விளக்குகளை ஒருங்கே எரியவிடும். ஓய்வுநிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ற்று காட்டவேண்டியது 12க்குக் கீழ் இறங்கியிருப்பின், வேறெதனையும் மாற்றுமுன் அதனைக் கவனித்தல் வேண்டும். அதன் பின்னரே பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் குறியீடுகளை வாசித்தல். எஞ்சின் குறியீடுகளை மட்டும் வாசிக்கும் மலிவான கருவி இதற்குப் பயன்படாது. இறுதியாக, வண்டியை மெதுவாகச் செலுத்தி நான்கு உணரிகளின் அளவீடுகளையும் ஒப்பிட்டால், பூச்சியம் காட்டும் சில்லு தானே அகப்படும். சேறு படிந்த உணரி, கல் பட்டு அறுந்த கம்பி, துருவேறிய பல்வளையம் ஆகியவையே தோட்ட வீதிகளில் ஓடும் வண்டியில் முதலில் தேடற்பாலன. குறியீடு சில்லைச் சுட்டும். கெட்டது உணரியா கம்பியா என்பதை மனிதனே சோதித்தறிய வேண்டும்.

ஊவாவில் இது உயிர்ப் பிரச்சினை. 2021 மார்ச்சில் பசறையிலும், 2025 செப்ரெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியிலும் பேருந்துகள் பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டனர். அவை மின்வண்டிகள் அல்ல. எனினும் இவ்வீதிகள் பிழை பொறுப்பன அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டா. மின்வண்டி இறக்கத்தில் தன் மோட்டாரையே மின்பிறப்பாக்கியாக்கி வேகத்தைத் தணிக்கின்றது. இழுவைக் கட்டுப்பாட்டிலோ பிரேக் கட்டுப்பாட்டிலோ பழுது நேர்ந்தால், பல வண்டிகளில் இத்தணிப்புக் குறைக்கப்படும் அல்லது நிறுத்தப்படும். அப்போது சுமை முழுவதும் பிரேக்கின் மீதே விழும். விளக்கை அணைத்துக் கொடுப்பவர், இதனைச் சாரதி அறியும் வழியை அடைத்துவிடுகின்றார்.

இப்பிழையின் வேர் எங்குள்ளது? லயத்தில் பிறந்து, பாடசாலையை இடையில் விட்டு, ‘பாஸ்’ ஒருவரிடம் வேலை பழகிய இளைஞனின் கைத்திறனில் குறையில்லை. ஆனால் அவன் முன்னுள்ள திரையில் யப்பானிய எழுத்து, கையேட்டில் ஆங்கிலம், உரிய கருவியோ முகவரின் உடைமை. கொழுந்து பறித்தவளுக்குத் தராசின் கணக்குத் தெரியாதவாறு வைத்திருந்த அதே ஒழுங்கு, இன்று அவள் மகனுக்குக் குறியீட்டின் பொருள் தெரியாதவாறு வைத்திருக்கின்றது. அறிவைப் பூட்டிவைத்துவிட்டு, அறியாமைக்காக அவனைப் பழிப்பது எவ்வகை நியாயம்?

“இவற்றையெல்லாம் தமிழிற் கூற முடியாது, அவர்கள் ஆங்கிலம் கற்கட்டும்” என்பர் சிலர். ஆங்கிலம் கற்பது நன்றே. ஆனால் அதுவரை வண்டிகள் மலையிறங்காது காத்திருக்குமா? 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, சத்திரசிகிச்சை, இரசாயனம் பற்றிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். நோயறிதலைத் தமிழிற் கற்பித்தல் 19ஆம் நூற்றாண்டில் இயன்றதெனின், பழுதறிதலைக் கற்பித்தல் 21ஆம் நூற்றாண்டில் இயலாதது ஏன்? குறை மொழியினதன்று, விழா மேடையில் மொழியின் பெருமை பேசிக் கராஜ் வாசலில் வாயடைத்துப் போவோரது.

பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005 முதல் உள்ளது. அங்கும் பிற பல்கலைக்கழகங்களிலும் தொழினுட்பம் பயிலும் தமிழ் மாணவரும், சொல்லாக்கம் அறிந்த கலைப்பீடத்தாரும் ஒன்றுகூடின் ஒரு கைந்நூல் எழுதல் அரிதன்று. உயர் மின்னழுத்தம் பாயும் செம்மஞ்சட் கம்பிகளைப் பயிற்சியின்றித் தொடலாகாது என்பதில் அது தொடங்கட்டும். குறியீடுகளின் பொருளையும் சோதனைகளின் ஒழுங்கையும் எளிய தமிழில் உரைக்கட்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் அதனைத் தமிழில் கற்பிக்குமாறு தமிழ்ச் சங்கங்கள் கோரிப் போராடட்டும். உழைப்பவன் கையை எட்டாத தமிழுக்கு எத்தனை மாநாடு கூட்டினும் வளர்ச்சியில்லை. எரியும் விளக்கு ஓர் எச்சரிக்கை. அதனை வாசிக்கும் உரிமை, அந்த வண்டியின் கீழ்ப் படுத்து வேலை செய்பவனுக்கும் உண்டு.