பொம்மைகளின் தீவு

“பொம்மைப் படத்து ஆட்கள் பாடுகிறார்களாம், யந்திரம் வாசிக்கிறதாம். இதற்கு ஒரு மணி நேரமா?” என்று சிதம்பரத்திலிருக்கும் என் நண்பர் கேட்டார். முறையாகச் சங்கீதம் பயின்றவர். கச்சேரியில் ராகம் முடியுமுன் எவனாவது எழுந்தால் முகம் சுளிப்பவர். அவரே பதினாறு உருப்படிகள் கொண்ட ஓர் இசைத்தட்டில் மூன்றைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். இந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை.

‘கொரில்லாஸ்’ என்பது டேமன் ஆல்பர்ன் என்ற ஆங்கிலப் பாடகரும் ஜேமி ஹியூலெட் என்ற சித்திரக்காரரும் சேர்ந்து உண்டாக்கிய கோஷ்டி. மேடைக்குரிய நான்கு பேரும் கோட்டுச் சித்திரங்கள். 2010-ல் இவர்கள் வெளியிட்ட ‘பிளாஸ்டிக் பீச்’ தனித்தனிப் பாட்டுகளின் மூட்டையல்ல. முழுவதும் ஒரே உலகம். நடுக் கடலில் மனிதர் எறிந்த குப்பையெல்லாம் ஒதுங்கித் திரண்டு ஒரு தீவாகிறது. பொம்மை மனிதர்கள் அதில் குடியேறுகிறார்கள். மின் கருவிகளின் நாதத்தோடு, லெபனானிலிருந்து வந்த அரபு வாத்தியக் குழுவும் இதில் வாசிக்கிறது. பாபி வொமாக் என்ற முதிய பாடகரின் கரகரத்த குரல் அந்த யந்திரத் தாளத்தின் மேல் எழும்போது, நான் கையிலிருந்த காப்பியை மறந்தேன்.

பொம்மைக் கதை என்று இளக்காரமா? சேக்கிழார் சுருக்கமாகச் சொன்ன திருநாளைப்போவாரை எடுத்து, இல்லாத வேதியரைப் படைத்து, நொண்டியும் கண்ணியுமாகப் பாடிப் பெரிய இசைக் கதையாக்கினார் கோபாலகிருஷ்ண பாரதி. அன்றைக்கும் பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையே இலக்கணப் பிழை கண்டு சிறப்புப் பாயிரம் தரத் தயங்கினார். பாரதியார் பாடக் கேட்ட பிறகுதான் மனம் இளகினார். என் நண்பர் குடியிருக்கும் ஊருக்குப் போகத் துடித்தவனின் கதைதான் அது. கற்பனை என்பதற்காக அதை இன்று யார் தள்ளுகிறார்கள்?

யந்திரம் என்ற ஆட்சேபமோ இன்னும் பழைய சரக்கு. 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. முப்பது வருஷம் அந்தப் பெட்டி தீண்டத்தகாததாகக் கிடந்தது. 1982-ல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்பவர் பத்து ராகங்களை மின் கருவிகளிலேயே வாசித்து ஒரு தட்டுப் போட்டார். நாம் வாங்கவில்லை. 2010-ல் நெதர்லாந்துக்காரர்கள் தேடியெடுத்து மறுபதிப்பு வெளியிட்ட பிறகுதான் உலகம் அதிசயித்தது. நம் காது நம்மிடமே இல்லை. வெளிநாட்டார் முத்திரை குத்தினால்தான் அது திறக்கிறது!

இதெல்லாம் கிடக்கட்டும். எனக்கு முக்கியமான விஷயம் வேறு. ஆல்பர்ன் தம் வீட்டருகே கடற்கரை மணலில் கலந்து கிடந்த பிளாஸ்டிக்கைப் பார்த்ததில்தான் இந்தத் தட்டின் வித்து விழுந்தது. நான் கடலூர்க்காரன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் மழைக்காலம் முடிந்து ஒரு காலை நடந்து பாருங்கள். கெடிலம் ஊரெல்லாம் சுற்றிப் பொறுக்கி வந்த பைகளும் பாலிதீன் உறைகளும் பாட்டில்களும் அலையோடு போய் அலையோடு திரும்பிக்கொண்டிருக்கும். ஒரு முறை பயன்படுத்தி எறியும் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. அது அந்த அலைக்குத் தெரியாது போலும். வலையை உதறுகிறவர்களைக் கேளுங்கள், மீனோடு வேறு என்னென்ன வருகிறதென்று சொல்வார்கள்.

இதைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரனுக்குப் பாடத் தோன்றியிருக்கிறது. அதற்குப் பொம்மைகள்தாம் வாகாகக் கிடைத்தார்கள் என்றால் அதில் என்ன கேவலம்? நம்மவர்கள் கடலைப் பாடாமலில்லை. எத்தனை ஆயிரம் பாட்டு! கடற்கரை மணலில் காதலர்களைக் கைகோத்து ஓடவிட்ட நம் சினிமாவில், அவர்கள் காலில் ஒரே ஒரு பையாவது சிக்கி நான் பார்த்ததில்லை.