சாவியோடு போன குடித்தனக்காரர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, காபி டம்ளரைக் கையில் எடுக்கிற சமயம் அக்காவிடமிருந்து டெலிபோன். "உடனே புறப்பட்டு வாடா" என்றாள். குரல் கம்மியிருந்தது. பதறிப் போய் ஓடினேன்.

நல்லவேளை, மனுஷாளுக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டர்தான் படுத்துவிட்டது. கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று இரண்டு வார்த்தை. அதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. பக்கத்தில் மருமான் திருதிருவென்று விழித்துக் கொண்டு நின்றான்.

சங்கதி இதுதான். பிள்ளையாண்டான் காலேஜ் பாடத்துக்காக விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் போட்டிருந்தான். பரீட்சை முடிந்தது. இடத்தை அடைக்கிறதே என்று முதல் நாள் இரவு லினக்ஸ் இருந்த பகுதியை அழித்துவிட்டான். பொழுது விடிந்தால் விண்டோஸையும் காணோம்!

தெருக்கோடிக் கடைக்காரர் வந்து பார்த்து, "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டாத்தாம்மா ஆகும்" என்று சொல்லிப் போனாராம். அங்கேதான் அக்காவுக்குத் துக்கம் பொங்கிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன் காலமான அத்திம்பேரின் படங்கள் அத்தனையும் அந்தப் பெட்டிக்குள்தான். வேறு பிரதி கிடையாது.

ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம் என்று வைத்துக் கொள்ளுங்கள். வாசல் சாவி ஒருவரிடம். அவர் காலி செய்து போகும்போது சாவியையும் கொண்டு போய்விட்டால், மற்றவருடைய பண்டம் பாத்திரமெல்லாம் மாயமாகி விடுமா? உள்ளே வைத்தது வைத்தபடி இருக்கும், வாசல்தான் திறக்காது.

இங்கேயும் அதே கதைதான். பழைய மாதிரிப் பெட்டிகளில், டிஸ்கின் முதல் 512 பைட்டில்தான் வாசல் காவல். லினக்ஸ் குடி வந்தபோது அங்கே 'கிரப்' என்ற தன் காவல்காரனை உட்கார வைத்தது. அவன் செய்ய வேண்டிய காரியங்களின் குறிப்பு லினக்ஸ் பகுதியில் இருந்தது. அது அழிந்ததும் திகைத்து நின்றுவிட்டான்.

பரிகாரம் என்ன? அடுத்த வீட்டுக் கம்ப்யூட்டரில், மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 10-ஐ 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் இறக்கினோம். (அதில் முன்பு இருந்தது அழிந்துவிடும், காலியானதாகப் பாருங்கள்.) அதைச் செருகி, அதிலிருந்தே பெட்டியைக் கிளப்பினோம். திரையில் 'இன்ஸ்டால் நௌ' என்று பெரிதாக வரும். அதைத் தொடவே கூடாது! கீழே இடது ஓரத்தில் 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' என்று அடக்கமாக ஒன்று இருக்கும். அதை அழுத்தி, 'டிரபிள்ஷூட்' வழியாக 'கமாண்ட் பிராம்ப்ட்'டுக்குப் போய், ஆங்கில எழுத்தில் 'பூட்ரெக்' என்று அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, அதை ஒட்டி 'ஃபிக்ஸ்எம்பிஆர்' என்று அடித்தோம். காவல்காரன் மாறினான்.

விண்டோஸ் 8 வந்த 2012-க்குப் பிறகு விற்ற பெட்டிகளில் பெரும்பாலும் இத்தனை சிரமம் இல்லை. பெட்டியைப் போட்டவுடன் எஃப்2, எஃப்12 அல்லது டெலீட் - கம்பெனிக்குக் கம்பெனி மாறும் - அழுத்தி, வரும் பட்டியலில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை முதலாவதாக வைத்தால் பெரும்பாலும் போதும். 'பிட்லாக்கர்' பூட்டு உள்ள பெட்டியானால் அதன் 48 இலக்க எண்ணைக் கேட்கக் கூடும். எழுதி வைத்திருப்பது நல்லது. லினக்ஸை எடுக்க நினைப்பவர்கள் முதலில் வாசலை விண்டோஸிடம் ஒப்படைத்துவிட்டு, அப்புறம் அழித்தால் வம்பே இல்லை.

பெட்டியை மறுபடி போட்டோம். சிறிது நேரத்தில் திரையில் அத்திம்பேர், மாடியில் ஈஸிச்சேரில் பத்திரிகையும் கையுமாய்ச் சிரித்தார். அக்கா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் எனக்குச் சூடாக வேறு காபி கலந்து கொண்டு வந்தாள்.

அன்றே எல்லாப் படங்களுக்கும் இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்று அக்காவின் பீரோவில். ஒன்று என் வீட்டில். உங்கள் வீட்டுப் படங்களுக்கு எத்தனை பிரதி, சகோதரிகளே?