மூன்று படிகள்

பம்மல் வட்டாரத்துப் பள்ளிகளுக்கு வாசலில் மூன்று படிகளேனும் இல்லாமல் இரா. 2015 டிசம்பரில் முடிச்சூர், அனகாபுத்தூர்ப் பக்கங்களில் வெள்ளம் புகுந்ததைக் கண்டவர் எவரும், அடித்தளத்தை உயர்த்திக் கட்டுவதைக் குறை கூறார். ஆயின் தளம் உயர உயர, நடக்க இயலாத பிள்ளைக்கு வகுப்பறை எட்டாத இடமாகிவிடுகிறது. சிறு வயதில் தாய் இடுப்பில் சுமந்து ஏற்றிவிடுகிறாள். பிள்ளை வளர்ந்து, வகுப்பும் மாடிக்கு மாறியபின் அவள் என்ன செய்வாள்?

"நம்முடையவை சிறுபான்மைப் பள்ளிகள், அச்சட்டம் நமக்கில்லை" என்று கூறுவாரும் உளர். தடையற்ற நுழைவை விதித்த 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது மெய்யே. ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வேறு. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களின் கட்டடமும் வளாகமும் இப்பிள்ளைகள் அணுகத்தக்கனவாய் இருத்தல் வேண்டும் என்பது அதன் 16ஆம் பிரிவின் கருத்து. அங்கீகாரம் வேண்டாம் என்னும் பள்ளி நம்மிடையே எது? பழைய பொதுக் கட்டடங்களை மாற்றியமைக்க அச்சட்டம் தந்த ஐந்தாண்டுத் தவணையும் 2022இல் முடிந்தது. அன்றியும், சட்டமே விலக்களித்தாலும் இக்காரியத்தில் அவ்விலக்கைக் கேட்டு வாங்குவது நமக்கு அழகாகுமா?

சாய்தளம் கட்டிவிட்டோம் என்போரும் அளவைப் பார்ப்பதில்லை. ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படிகளுக்கு 5.4 மீட்டர். இடமில்லையென்று இரண்டு மீட்டரில் முடித்தால், சக்கர நாற்காலி பின்னோக்கி உருளும். மோட்டார் சைக்கிளை ஏற்ற உதவுமேயன்றி வேறெதற்கும் ஆகாது. வாக்குச்சாவடிகளில் மரச் சாய்தளம் வைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2004இலேயே ஆணையிட்டது. அச்சாவடிகள் பெரும்பாலும் பள்ளிகளே. ஒரு நாள் வரும் வாக்காளருக்குச் செய்வதை, நாள்தோறும் வரும் பிள்ளைக்குச் செய்ய மனம் வரவில்லை.

இவற்றினும் பெரிது கழிப்பறை. 90 செ.மீ. அகல வாயில், உள்ளே நாற்காலி திரும்ப இடம், சுவரில் கைப்பிடி ஆகியவை இல்லையெனில் பிள்ளைகள், சிறப்பாகப் பெண் பிள்ளைகள், மாலை வரை தண்ணீரே அருந்தாமல் இருந்துவிடுகின்றனர். வெயிற்காலத்தில் இது நோயில் கொண்டுபோய் விடும். ஆசிரியர் எவரும் இதைக் கவனிப்பதில்லை. பிள்ளையும் வெட்கத்தால் கூறுவதில்லை.

கட்டடத்திற்குப் பணம் வேண்டும், ஒப்புகிறோம். ஆனால் அப்பிள்ளையின் வகுப்பைக் கீழ்த்தளத்திற்கு மாற்ற ஒரு காசும் வேண்டாம். ஜூன் மாதத்திற்கு முன் தலைமையாசிரியர் ஒரு தாளில் எழுதினால் போதும். பெற்றோரே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்திற்கு அளவுநாடா ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். முதலில் கழிப்பறைக் கதவை அளந்து பாருங்கள்.