பந்தயத் திடலோடு நிற்கட்டும் மெத்தனால்

பெட்ரோலை வடித்துவிட்டு மெத்தனாலை ஊற்றினால் பைக் பறக்கும் என்றொரு பேச்சு, வண்டியை ‘ஆல்டர்’ செய்து பார்க்கும் இளைஞர்களிடையே அவ்வப்போது அடிபடுவதுண்டு. திண்டுக்கல் பட்டறையானாலும் சென்னை புதுப்பேட்டையானாலும் ஆசை ஒன்றுதான். அந்தப் பேச்சில் பாதி உண்மை. விட்டுப்போன மீதிப் பாதியில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது.

உண்மையை முதலில் பார்த்துவிடலாம். ஒரு கிலோ பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் பாதிகூட ஒரு கிலோ மெத்தனாலில் கிடையாது. பிறகு வேகம் எங்கிருந்து வருகிறது? இன்ஜினின் பலத்தைத் தீர்மானிப்பது சிலிண்டருக்குள் நுழையும் காற்றின் அளவு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு சுமார் 6.4 கிலோ போதும். ஆகவே அதே காற்றில் இரண்டு மடங்குக்கும் அதிகமான மெத்தனாலை எரிக்கலாம். கூட்டிக் கழித்தால் பெட்ரோலைவிடச் சற்றுக் கூடுதலான ஆற்றலே கையில் நிற்கும்.

இதைவிடப் பெரிய லாபம் குளிர்ச்சி. மெத்தனால் ஆவியாகும்போது பெட்ரோல் எடுப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பத்தைச் சுற்றியிருக்கும் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே போகும் காற்று குளிர்ந்து அடர்த்தியாகிறது. ஆக்டேன் எண்ணும் 100-ஐத் தாண்டுவதால், பெட்ரோலில் ஓடினால் ‘நாக்கிங்’ வந்து பிஸ்டனே ஓட்டையாகிவிடும் அளவுக்குக் கம்ப்ரெஷனை ஏற்றியும் ஓட்டலாம். 1950, 1951-ஆம் ஆண்டுகளில் ஃபார்முலா 1 பட்டங்களை வென்ற ஆல்ஃபா ரோமியோ கார்கள் குடித்தது பெரும்பாலும் மெத்தனால்தான். ஒன்றரை லிட்டர் இன்ஜினில் 400 குதிரைத்திறனுக்கு மேல்! ஆனால் ஒரு லிட்டர் எரிபொருளுக்கு ஒரு கிலோமீட்டர்கூட ஓடாது. 1958-இல் ஃபார்முலா 1 ஆல்கஹால் எரிபொருளை விலக்கி, விமான பெட்ரோலைக் கட்டாயமாக்கியது.

நம் ஊர்க்காரர்களுக்குச் சுவையான ஒரு செய்தியும் இதில் உண்டு. சாதாரண இன்ஜின் ஆயில் மெத்தனாலோடு கலக்காது, விளக்கெண்ணெய் கலக்கும். அதனால் மெத்தனாலில் ஓடும் சிறிய மாதிரி விமான இன்ஜின்களுக்கு எரிபொருளிலேயே விளக்கெண்ணெயைச் சேர்ப்பது நெடுங்காலப் பழக்கம். ‘காஸ்ட்ரால்’ என்ற பெயரே விளக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். கடலைக்காட்டு வரப்பில் நிற்கும் ஆமணக்குக்குப் பந்தய உலகில் இப்படியொரு உறவு.

மெத்தனாலைப் பந்தயத்துக்குள் நிலைநிறுத்தியது வேகம் மட்டுமல்ல, ஒரு விபத்தும்கூட. 1964 மே 30 அன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் கார்கள் மோதி பெட்ரோல் தீப்பிடித்ததில் எடி சாக்ஸ், டேவ் மெக்டொனால்டு என்ற இரு ஓட்டுநர்கள் இறந்தார்கள். மறு ஆண்டு விதிகள் மாறின. மெத்தனால் அங்கே வழக்கமானது. பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றினால் தீ மிதந்து பரவும். மெத்தனால் தண்ணீரில் கரைவதால், போதுமான தண்ணீர் இருந்தால் தீ அணைந்துவிடும். பாதுகாப்பு கருதியே அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் அந்தத் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது. 1981-இல் அதே பந்தயத்தில் எரிபொருள் நிரப்பும்போது மெத்தனால் சிந்தி, ஓட்டுநர் ரிக் மியர்ஸ் உடலில் தீப்பற்றியது. புகையும் இல்லை, சுடரும் இல்லை. அவர் ஏன் துடிக்கிறார் என்று சுற்றி நின்றவர்களுக்கே சட்டென்று விளங்கவில்லை. முகத்தில் தீக்காயங்களோடு தப்பினார். பயிற்சி பெற்ற குழுவும் தீயணைப்பு ஏற்பாடும் அருகிலேயே இருந்த இடத்தில் நடந்தது இது. அந்தப் பந்தய உலகமே பிற்பாடு மெத்தனாலைக் கைகழுவியது: 2006-இல் பத்து விழுக்காடு எத்தனால் கலந்தார்கள், 2007-இல் முழுக்க எத்தனாலுக்கே மாறிவிட்டார்கள். நாற்பதாண்டு பழகியவர்களே விட்ட பொருளைப் பெட்ரோல் பங்க் வழியாகப் பொதுமக்கள் கையில் கொடுக்கலாமா என்பதுதான் இப்போது தமிழ்நாடு கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

கேள்வி வெறும் கற்பனையல்ல. ‘மெத்தனால் பொருளாதாரம்’ என்ற திட்டத்தை நிதி ஆயோக் பல ஆண்டுகளாக முன்வைத்து வருகிறது. 2022 ஏப்ரலில் அசாமின் தின்சுகியாவில் 15 விழுக்காடு மெத்தனால் கலந்த பெட்ரோலை இந்தியன் ஆயில் சோதனை முறையில் விற்கத் தொடங்கியது. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பசுமை மெத்தனால் நிரப்பும் நிலையத்துக்கு 2025 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள்.

கப்பலுக்கு மெத்தனால் என்பதில் தவறு காண வேண்டியதில்லை. அங்கே குழாய், தொட்டி, பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் ஒரே வேலிக்குள் இருப்பார்கள். கடலில் புகையும் குறையும். சிக்கல் வேலிக்கு வெளியே தொடங்குகிறது.

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் கள்ளச்சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் குடித்தது ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று காவல்துறையே சொன்னது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். அங்கே அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். கல்லீரல் மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது பார்வை நரம்பைத் தாக்குகிறது. பத்து மில்லி கண்ணைப் பறிக்கலாம், முப்பது மில்லி உயிரையே பறிக்கலாம். நிறத்திலும் மணத்திலும் குடிக்கும் சாராயத்திலிருந்து பிரித்தறிவது கடினம், விலையோ மலிவு. கட்டுப்பாடு இருக்கும்போதே ஆலையிலிருந்து கசிந்த பொருள், ஆயிரக்கணக்கான பங்க்குகளுக்கு லாரியில் போகத் தொடங்கினால் வழியில் கசியாது என்று எந்த அதிகாரியால் உறுதி தர முடியும்?

பட்டறைக்காரர்களும் இதில் கவனிக்க வேண்டியது உண்டு. பெட்ரோலுக்கென அமைத்த கார்புரேட்டரில் மெத்தனாலை ஊற்றினால், ஜெட் துவாரம் போதாமல் கலவை மெலிந்து இன்ஜின் சூடேறும். தொடர்ந்தால் பிஸ்டன் உருகும். ரப்பர் குழாய் ஊறிக் கெடும், அலுமினியம் அரித்துப்போகும். காற்றிலுள்ள ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும். தோல்வழியாகவும் உடலுக்குள் போகும் என்பதால் கையுறை இல்லாமல் தொடுவதே தவறு. பந்தய அணிகள் ஓட்டம் முடிந்ததும் மெத்தனாலை முழுதாக வடித்து இன்ஜினைக் கழுவிவிடுவது இந்த அரிப்புக்கு அஞ்சித்தான்.

மெத்தனாலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆர்வம் கல்லூரி மாணவர்களுக்கு இருந்தால் அதைத் தடுக்கவும் தேவையில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பந்தயத் திடல் இருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. முறையான அனுமதி, மருத்துவக் குழு, தீயணைப்பு வண்டி ஆகியவற்றோடு அங்கே செய்து பார்க்கட்டும். திண்டுக்கல் புறவழிச்சாலை அதற்கான இடமல்ல.

சாலை வண்டிகளுக்கு ஆல்கஹால் வேண்டுமென்றால் எத்தனால் ஏற்கெனவே வந்துவிட்டது; இன்று நாட்டில் விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை அதுதான். அதற்கு மக்காச்சோளம் இப்போது முக்கியமான மூலப்பொருள். திண்டுக்கல் மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில் விளையும் பயிர் அது. கோழித் தீவனம் விலையேறுகிறது என்ற பண்ணையாளர்களின் புகாரும், மைலேஜ் குறைகிறது என்ற வண்டிக்காரர்களின் புகாரும் நியாயமானவை; பேசித் தீர்க்க வேண்டியவை. ஆனாலும் எத்தனாலுக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கு உள்ளூர் விவசாயியிடம் வந்து சேரும். மெத்தனாலிலோ நாட்டின் தேவையில் பெரும்பகுதி இறக்குமதி.

மத்திய அரசு எப்படியும் மெத்தனால் கலப்பைக் கொண்டுவரத்தான் போகிறது என்றால், மாநில அரசு இப்போதே நிபந்தனை போட வேண்டும். ஆலையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு லிட்டரிலும் நாக்கில் வைக்க முடியாத கசப்புப் பொருளும் எளிதில் தெரியும் நிறமும் சேர்க்க வேண்டும். டேங்கர்களுக்கு முத்திரையும் ஜிபிஎஸ் கண்காணிப்பும் வேண்டும். கள்ளக்குறிச்சிச் சாவுகளின்போது ‘ஃபோமெபிசோல்’ என்ற நச்சுமுறி மருந்து கையிருப்பில் இருந்ததா என்று ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் மோதிக்கொண்டன. தேசிய நெடுஞ்சாலை 44-இல் மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம் என வரிசையாக அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. முதல் டேங்கர் கிளம்பும் முன் அந்த மருந்து அங்கெல்லாம் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கை அரசு வெளியிடட்டும்.