கறுப்புத்திரையும் கணக்குப்பிள்ளையும்

"அதெல்லாம் பொட்டி தட்டுறவங்க வேலை சார், நமக்கெதுக்கு?"

இதைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. சொல்றவங்க யாரும் அசடு இல்லை. ஊர்விட்டு ஊர் வந்து, வேத்துபாஷைக்காரங்க நடுவுல வீடு பிடிச்சு, பிள்ளைகளைப் படிக்க வைக்கிற சாமர்த்தியசாலிகள். இங்கே வீட்டுல ரவுட்டர், டிவி, பிரிண்டர். ஊர்ல அப்பா அம்மா இருக்கிற வீட்டு வாசல்ல, நடையில, கொல்லைப்பக்கம்னு நாலு கேமரா, அதுக்கு ஒரு டிவிஆர் பெட்டி. அத்தனைக்கும் காசு குடுத்தது இவங்கதான். ஆனா அந்தப் பெட்டிகிட்ட நேரா ஒரு கேள்வி கேட்கத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் மாட்டாங்களாம். ஏன்னு கேட்டா, "ஆப்ல பச்சை விளக்கு எரியுதே!"

நான் வெறும் பி.காம். கம்ப்யூட்டர் படிச்சவன் இல்லை. வங்கியில இருபது வருஷமா ஆணி புடுங்குறவன். எங்க தொழிலோட அரிச்சுவடியே, எதிராளி எழுதிக் குடுத்த கணக்கை அப்படியே ஏத்துக்காதேங்கிறதுதான். கேஷ்புக்கையும் பாஸ்புக்கையும் பக்கத்துல வச்சு ஒத்துப்பார்க்கணும். சாயந்திரம் கேஷை எண்ணாம "கம்ப்யூட்டர்ல டேலி ஆகுது சார்"னு சொல்ற கேஷியரை எந்த மேனேஜரும் வீட்டுக்கு விடமாட்டார். ஆப்ங்கிறது கம்பெனிக்காரன் எழுதிக் குடுக்கிற பாஸ்புக். அவன் எதைக் காட்டணும்னு நினைக்கிறானோ அதைத்தான் காட்டும். பெட்டியை நேரா கேட்கணும்னா கறுப்புத்திரைக்குத்தான் போகணும். விண்டோஸ்ல சிஎம்டி, லினக்ஸ்லயும் மேக்லயும் டெர்மினல். (கீழே கட்டளைகளைத் தமிழ் எழுத்துல எழுதியிருக்கேன். அடிக்கும்போது ஆங்கிலத்துல அடிங்க மக்களே!)

ஒரு உதாரணம். எங்க குடியிருப்புச் சங்க ஆபீஸ்ல ஒரு வாடகை பிரிண்டர். பக்கத்துக்கு இத்தனை பைசான்னு கணக்கு. மாசாமாசம் ஒரு பையன் வந்து "மீட்டர் ரீடிங்" எழுதிட்டுப் போவான், பில் வரும், கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவாங்க. என் தலையில பொருளாளர் பதவி விழுந்த மாசம், பையனை விட்டுட்டு பிரிண்டரையே கேட்டேன். எஸ்என்எம்பிகெட்னு ஒரு கட்டளை. அதோட பிரிண்டரோட முகவரி, "பப்ளிக்"னு ஒரு சொல், 1.3.6.1.2.1.43.10.2.1.4.1.1னு ஒரு நீள நம்பர். நம்பரைப் பார்த்து மிரள வேண்டாம். எங்க ஜெனரல் லெட்ஜர் தலைப்பு எண் மாதிரிதான் அதுவும். எந்தத் தலைப்புல என்ன இருக்குன்னு உலகம் முழுக்க ஒரே அட்டவணை. பிரிண்டர்களுக்கான அட்டவணை 1995லயே வெளியாயிடுச்சு. இந்தத் தலைப்புல இருக்கிறது, அந்த மெஷின் தன் ஆயுசுல அடிச்ச மொத்தப் பக்கம்.

ஒரே வரியில பதில் வந்துச்சு. பில்லுல இருந்த ரீடிங் அதைவிட நாலாயிரத்துச் சொச்சம் அதிகம்! அதாவது இனிமே அடிக்கப்போற பக்கத்துக்கும் சேர்த்து இன்னைக்கே வசூல். கேட்டதுக்கு "ரவுண்ட் ஆஃப் பண்ணியிருக்கோம்"னாங்க. நாலாயிரம் ரவுண்ட் ஆஃபாம். அடுத்த மாச பில் ஒழுங்கா வந்துச்சு. சங்கத்துல மூணு சாஃப்ட்வேர் இன்ஜினியர்கள் இருக்காங்க. ஒருத்தருக்கும் மெஷினைக் கேட்கணும்னு தோணலை. தோணுறதுக்குக் கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை, சந்தேகபுத்தி போதும்.

பிரிண்டர்தானேன்னு இளப்பமா நினைக்காதீங்க. 2016 பிப்ரவரியில பங்களாதேஷ் மத்திய வங்கியில நடந்ததை எங்க தொழில்ல இருக்கிறவங்க மறக்க மாட்டாங்க. ஸ்விஃப்ட் செய்திகளைத் தானா அச்சடிக்கிற பிரிண்டர் நின்னுபோச்சு. வழக்கமான கோளாறுன்னு விட்டுட்டாங்க. அதை முடக்கினதே திருடங்கதான். நியூயார்க்ல இருந்த அந்த வங்கியோட கணக்குல இருந்து சுமார் 95 கோடி டாலரை எடுக்கப் பார்த்து, 8.1 கோடி டாலர் மணிலாவுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு. பிங் அடிச்சிருந்தா திருட்டு நின்னிருக்கும்னு சொல்ல வரலை. மெஷின் மௌனமானா "மெஷின்னா அப்படித்தான்"னு தோளைக் குலுக்கிட்டுப் போற பழக்கம் இருக்கே, அதைச் சொல்றேன்.

இப்ப அந்த "பப்ளிக்"குக்கு வருவோம். எனக்கு நிஜமாவே கோபம் வர்ற இடம் இது. அதுதான் கடவுச்சொல்! நான் கேட்டதும் பிரிண்டர் பதில் சொல்லிச்சுன்னா, அதே வைஃபையில நுழையற எவன் கேட்டாலும் சொல்லும். எஸ்என்எம்பிங்கிற இந்த முறை 1988ல வந்தது. படிக்கிறதுக்கு "பப்ளிக்", மாத்தி எழுதுறதுக்கு "பிரைவேட்"னு எக்கச்சக்கமான கருவிகள்ல வச்சு அனுப்பினாங்க. பழைய பதிப்புகள்ல இந்தச் சொல் மறைப்பே இல்லாம கம்பியில போகும். பூட்டும் திறப்புமா மூணாவது பதிப்பு 2002லயே முழுத் தரநிலை ஆயிடுச்சு. அப்படியிருந்தும் பிரிண்டர்கள் இன்னமும் "பப்ளிக்"கோட பெட்டியை விட்டு வெளியே வருது. பெரிய இடத்துக் கதையும் இதேதான். 2021ல ரஷ்ய ராணுவ உளவுக்காரங்க சிஸ்கோ ரவுட்டர்களுக்குள்ள நுழைஞ்சதுக்கு, சுலபமா யூகிக்கக்கூடிய இந்தச் சொற்களும் ஒரு வழின்னு 2023 ஏப்ரல்ல பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து எச்சரிக்கை விட்டாங்க.

வங்கியில இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தையில சொல்லிடலாம். படிக்கிற சொல் என்கொயரி உரிமை, எழுதுற சொல் போஸ்டிங் உரிமை. புதுசா சேர்ந்த கிளார்க்குக்கு முதல் நாளே போஸ்டிங் உரிமை குடுப்பீங்களா? இங்கே வாசல்ல போறவனுக்கெல்லாம் குடுத்து வச்சிருக்கு.

கேமரா கதை இன்னும் மோசம். ஊர்ல கேமரா மாட்ட வந்த தம்பிகிட்ட நான் பேசினதை அப்படியே தர்றேன்.

"தம்பி, பாஸ்வேர்டு என்ன வச்சிருக்கீங்க?"

"அட்மின்தான் சார், பின்னாடி ஒண்ணு ரெண்டு மூணு."

"மாத்தலையா?"

"எல்லா வீட்டுக்கும் அதேதான் சார் வைக்கிறது. அப்பத்தான் சர்வீஸுக்கு வர்றப்ப வசதி."

எல்லா வீட்டுக்கும்! ஊர்ல பாதி தெருவுக்கு ஒரே சாவி. அது அந்தத் தம்பி சட்டைப்பையில மட்டும் இல்லை, இணையத்துலயும் பட்டியலா கிடைக்குது. 2016ல மிராய்னு ஒரு கிருமி இதை வச்சுத்தான் உலகத்தைக் கலக்குச்சு. பெரிய வித்தையெல்லாம் இல்லை. அறுபது சொச்சம் பயனர்பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை வச்சுக்கிட்டு, வீடு வீடா டெல்நெட் கதவைத் தட்டும். திறந்த டிவிஆர், கேமரா, ரவுட்டர் எல்லாம் அதோட அடியாள். அந்தப் படையை வச்சு அதே வருஷம் அக்டோபர் 21ல டின்ங்கிற நிறுவனத்தை அடிச்சதுல, அமெரிக்காவுல ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்குல படுத்துடுச்சு. எழுதினவங்க இருபது வயசை ஒட்டின மூணு பையன்கள். 2017 டிசம்பர்ல குற்றத்தை ஒத்துக்கிட்டாங்க. பெட்டியை அணைச்சுப் போட்டா கிருமி போயிடும். கடவுச்சொல்லை மாத்தலைன்னா சீக்கிரமே திரும்ப ஒட்டிக்கும். அத்தனை நாளும் உங்க ஆப்ல பச்சை விளக்கு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும்.

ட்விட்டர் படுத்தா நமக்கென்னங்கிறீங்களா? அந்தக் கேமராவுல தெரியறது உங்க அம்மா நடையில உட்கார்ந்து கீரை ஆயறது. உங்க அப்பா பென்ஷன் வாங்கக் கிளம்புற நேரம். ரெண்டு பேரும் நம்மகூட இருக்க ரயிலேறி வந்த ஒரு மாசம் வீடு பூட்டிக் கிடக்கிறது. பாதுகாப்புக்குன்னு மாட்டினது, எவனோ ஒருத்தனுக்கு வீட்டு நடமாட்டத்தை ஒப்பிச்சுக்கிட்டு இருந்தா?

இந்தியாவுல 2025 ஏப்ரல்ல இருந்து புதுக் கேமராக்கள் அரசு வகுத்த பாதுகாப்புச் சோதனையில தேறணும்னு விதி வந்திருக்கு. பிரிட்டன்ல 2024 ஏப்ரல்ல இருந்து எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல்னு வச்சு விற்கவே கூடாது. நல்லதுதான். அஞ்சு வருஷம் முன்னாடி உங்க வீட்டு உத்தரத்துல மாட்டினதை எந்தச் சட்டம் வந்து இறக்கும்?

அதனால அடுத்த தடவை பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போறப்ப, லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போங்க. அரை மணி நேரம் போதும். ஐபிகான்ஃபிக்னு அடிச்சா ரவுட்டரோட முகவரி கேட்வேங்கிற வரியில தெரியும். ஏஆர்பி, ஒரு இடைவெளி, சிறுகோடு, ஏ. உங்க லேப்டாப் சமீபத்துல பேசின பெட்டிகளோட பட்டியல் வரும். அது பாதிதான். என்மேப்னு ஒரு இலவசக் கருவி, 1997ல இருந்து இருக்கிறது, அதை இறக்கி வச்சுக்கிட்டா வீட்டு நெட்வொர்க்ல ஒவ்வொரு கதவா தட்டி யார் யார் இருக்காங்கன்னு சொல்லும். அப்புறம் எழுந்து போய் வீட்டுல இருக்கிற பெட்டிகளைக் கையால எண்ணுங்க. டிவி ஒண்ணு, டிவிஆர் ஒண்ணு, செல்போன் அஞ்சு. கணக்கு உதைச்சா ஏன்னு தேடுங்க. சரக்கிருப்பு சரிபார்க்கிறது இதுதானே? இதுக்கு எதுக்கய்யா பி.டெக்.? (இப்பத்திய செல்போன்கள் வைஃபைக்கு வைஃபை போலி வன்பொருள் எண் காட்டும். பேர் தெரியாத எண்ணைப் பார்த்ததும் திருடன்னு அலறிடாதீங்க. தங்கமணியோட போனா இருக்கும்.)

அடுத்து டிவிஆர் முகவரியை மட்டும் குடுத்து என்மேப்பை ஓட்டுங்க. எந்தெந்தக் கதவு திறந்திருக்குன்னு வரும். 23ன்னு வந்தா டெல்நெட், மிராய் தட்டின அதே கதவு, அதை மூடியே ஆகணும். இன்னொரு விஷமம் யூபிஎன்பி. வீட்டுக்குள்ள இருக்கிற பெட்டி, உங்களைக் கேட்காமலே ரவுட்டர்கிட்ட "எனக்கு வெளியே ஒரு ஜன்னல் திறந்து விடு"ன்னு கேட்கும், ரவுட்டரும் திறந்துடும். யூபிஎன்பிசி, சிறுகோடு, எல்னு கேட்டா எந்தப் பெட்டி எந்த ஜன்னலைத் திறந்து வச்சிருக்குன்னு வரிசையா ஒப்பிக்கும். எந்த ஆப்லயும் இந்தப் பட்டியலை நான் பார்த்ததில்லை.

கறுப்புத்திரையில எனக்குப் பிடிச்சதே, வர்றது வெறும் எழுத்துங்கிறதுதான். ஒரு கோப்புல போட்டு தேதியோட வச்சுக்கலாம். அடுத்த வருஷம் அதே கேள்வியைக் கேட்டு, எஃப்சின்னு ஒரு விண்டோஸ் கட்டளையால ரெண்டு கோப்பையும் ஒப்பிட்டா, புதுசா முளைச்சது மட்டும் தனியா வந்து நிக்கும். பச்சை விளக்கை எந்த பைல்ல கோத்து வைப்பீங்க?

"தெரியாதவங்க கறுப்புத்திரையில கை வச்சா எதையாவது கெடுத்துடுவாங்க அங்கிள்"னு நம்ம பிள்ளைகளே சொல்றாங்க. பாதி நியாயம். எஸ்என்எம்பிசெட் மாதிரி மாத்துற கட்டளைகள் பக்கம் போகாதீங்க. அது போஸ்டிங், அதுக்கு இன்னொரு ஆள் சரிபார்க்கணும். கடவுச்சொல் மாத்துறது, யூபிஎன்பியை அணைக்கிறது எல்லாம் பெட்டியோட செட்டிங்ஸ் பக்கத்துலயே முடியும். நான் சொன்னது அத்தனையும் என்கொயரி. இதைக்கூட செய்யாதேன்னு சொல்றது அக்கறை இல்லை தம்பி, வித்தையைப் பொத்திப் பொத்தி வச்சுக்கிற புத்தி.

கேமரா தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஊர்ல எங்க வீட்டுக்கு மட்டும் இனிமே போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் சர்வீஸுக்கு வரணும். அம்மா நோட்டுல புதுக் கடவுச்சொல்லைத் தானே எழுதி, அஞ்சறைப்பெட்டிக்கு அடியில வச்சிருக்காங்க. இணையத்துல இருக்கிற எவனும் அங்கே எட்டிப் பார்க்க முடியாது.

டிஸ்கி: இதெல்லாம் உங்க சொந்தப் பெட்டிகள்ல மட்டும். பக்கத்து வீட்டு வைஃபை, ஹோட்டல் வைஃபை, ஆபீஸ் நெட்வொர்க் எதுலயும் கை வைக்காதீங்க. அனுமதி இல்லாம அடுத்தவன் கம்ப்யூட்டர்ல நுழையறது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43ல வரும், கெட்ட எண்ணம் இருந்தா 66. எங்க கிளையில "லிங்க் இல்லை சார்"னு நாங்க கவுன்டர்ல சொல்றப்ப, நீ ஏன் பிங் அடிச்சுப் பார்க்கலைன்னு என்னைக் கேட்காதீங்க.