மூண்டதும் மூட்டியதும்

‘கலவரம் வெடித்தது’, ‘வன்செயல் மூண்டது’, ‘பதற்றம் பரவியது’ என்பன நாளேடுகளிலும் அரசாங்க அறிக்கைகளிலும், ஏன், பல்கலைக்கழக ஆய்வுக் கட்டுரைகளிலுங்கூடத் தாராளமாகக் காணப்படும் தொடர்கள். இலக்கணக் கண்கொண்டு நோக்குவோர்க்கு இவற்றிடையே ஓர் ஒற்றுமை புலப்படும். இவை யாவும் தன்வினைகள். தீ மூண்டது என்றவுடன் தீயை மூட்டியவன் மறைந்துவிடுகிறான். ‘மூட்டினர்’ என்றோ ‘பரப்பினர்’ என்றோ பிறவினையாற் கூறின், ‘யார்?’ என்ற வினா உடனெழும். எழுவாயைத் தேடவேண்டிய கடமையும் உடன்வரும். அக்கடமையிலிருந்து தப்ப விரும்புவோர்க்குத் தன்வினை வசதியான புகலிடமாகும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. வன்செயல் தானே மூள்வது எனக் கொண்டால், அதனை இடிமின்னலைப் போலத் தடுக்கவியலாத ஒன்றாக ஏற்கவேண்டியதாகும். மூட்டப்படுவது எனக் கொண்டாலோ, விறகு சேர்த்த நாளொன்றும் எண்ணெய் வார்த்த நாளொன்றும் இருந்தே ஆகவேண்டும். அந்நாள்களில் அதனைத் தடுத்திருக்கவும் கூடும். பாரிய வன்செயல் எதுவும் முன்னாயத்தமின்றி நிகழ்வதில்லை. முன்னாயத்தம் பலர் கண்ணுக்கும் தெரிவது. எனவே, ‘எதிர்பாராது நிகழ்ந்துவிட்டது’ என்ற கூற்றுப் பெரும்பாலும் பொய்க்கூற்றே. இதனை நிறுவ றுவாண்டாவின் வரலாறு ஒன்றே சாலும்.

1994இல் அந்நாட்டில் நிகழ்ந்த படுகொலையைப் ‘பரம்பரைப் பகையின் வெடிப்பு’ என விளக்கியோர் பலர். ஆனால் ஹூட்டுக்களும் டுட்சிகளும் ஒரே மொழியைப் பேசியவர்கள். ஒரே மலைச்சரிவுகளில் அயலவராக வாழ்ந்தவர்கள். தம்முள் மணஞ்செய்து கொண்டவர்கள். 1930களில் ஒவ்வொருவரது இனத்தையும் அடையாள அட்டையிற் பொறித்து, நெகிழ்ந்திருந்த வேறுபாட்டை மாறாததாக இறுக்கியது பெல்ஜியக் குடியேற்ற ஆட்சி. அறுபது ஆண்டுகளின் பின், வீதித் தடைகளில் யார் வாழ்வது யார் சாவது என்பதைத் தீர்மானித்தது அந்த அட்டையே. பரம்பரைப் பகைக்கு அட்டை தேவைப்பட்டிராது.

முன்னாயத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தேறின. 1993 யூலையில் வெறுப்புரைக்கென்றே அமைந்த ஒரு தனியார் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. அடுத்த மாதமே, ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அறிக்கையாளர் பக்ரே வாலி என்டியாயே, டுட்சிகள் மீதான கொலைகள் இனப்படுகொலை என்ற வரையறைக்குள் அடங்கக்கூடும் எனத் தமது அறிக்கையிற் சுட்டினார். 1994 ஜனவரி 11ஆந் திகதி, அங்கிருந்த அமைதிப்படையின் தளபதி டலெயர் நியூயோர்க் தலைமையகத்துக்கு அவசரத் தந்தியொன்றை அனுப்பினார். 1700 பேர் பயிற்சி பெற்றுத் தலைநகரெங்கும் நிலைகொண்டிருப்பதும், டுட்சிகளின் பெயர்ப்பட்டியல் தயாரிக்கப்படுவதும், இருபது நிமிடத்தில் ஆயிரம் பேரைக் கொல்லக்கூடியவாறு ஆயத்தம் நடப்பதும் உள்ளிருந்த ஒருவர் மூலம் அவருக்குத் தெரியவந்திருந்தன. ஆயுதக் களஞ்சியத்தைக் கைப்பற்றப்போவதாக அவர் அறிவித்தார். தலைமையகம் அதற்கு இணங்கவில்லை. கிடைத்த தகவலை றுவாண்டாவின் சனாதிபதிக்கே தெரிவிக்குமாறு பணித்தது.

இதனினும் தெளிவான எச்சரிக்கை வேறு யாது? ஏப்பிரல் 6ஆந் திகதி அச்சனாதிபதியின் விமானம் சுட்டுவீழ்த்தப்பட்டது. மறுநாள் பெல்ஜியப் படையினர் பத்துப்பேர் கொல்லப்பட்டனர். பெல்ஜியம் தன் படையை மீட்டுக்கொண்டது. ஏப்பிரல் 21ஆந் திகதி பாதுகாப்புச் சபை, ஏறத்தாழ 2500 பேரைக் கொண்டிருந்த அமைதிப்படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. அத்தீர்மானம் நிறைவேறியபோது, கொலைகளை நடத்திய அரசின் பிரதிநிதியும் அச்சபையில் உறுப்பினராக வீற்றிருந்தார். ஏறத்தாழ நூறு நாள்களில் எட்டு இலட்சம் மக்கள் மாண்டனர் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பீடு. 1948இன் இனப்படுகொலை உடன்படிக்கை தன் தலைப்பிலேயே தண்டித்தலுக்கு முன்னதாகத் தடுத்தலைக் கூறுகிறது. அச்சொல்லை உச்சரித்தால் கடமை வந்துவிடுமே என்றஞ்சி, வல்லரசொன்று வாரக்கணக்கிற் சொல்விளையாட்டு நிகழ்த்தியது. எச்சரிக்கைக்குப் பஞ்சமில்லை, மனத்துணிவுக்கே பஞ்சம்.

‘வெடிப்பு’ வாதத்தை முற்றாகத் தகர்ப்பது புட்டாறே மாகாணத்தின் கதை. அங்கும் இதே மக்களே வாழ்ந்தனர். இதே வானொலியையே கேட்டனர். மாகாண நிருவாகத் தலைவராக இருந்த ஹபியலிமானா, நாட்டில் அப்பதவியை வகித்த ஒரேயொரு டுட்சி. அவர் கொலைகளுக்கு இடங்கொடுக்க மறுத்தார். தலைநகரில் இரத்தம் பெருகியபோதும், ஏறத்தாழ இரு வாரங்கள் அம்மாகாணத்தின் பெரும்பகுதி பாரிய கொலைகளுக்கு ஆளாகவில்லை. பின்னர் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஏப்பிரல் 19ஆந் திகதி இடைக்கால அரசின் தலைவர் நேரில் வந்து உரையாற்றினார். அதன் பின்னரே அங்கு பெருங்கொலை தொடங்கியது. பதவிநீக்கப்பட்டவரும் பிற்பாடு கொல்லப்பட்டார். எரிமலைக்கு உத்தரவுக் கடிதம் வேண்டியதில்லை. புட்டாறேயில் வன்செயலுக்கு உத்தரவு வேண்டியிருந்தது.

புட்டாறே ஒரு பல்கலைக்கழக நகர் என்பதையும் கற்றோர் மறத்தலாகாது. மேற்சொன்ன வெறுப்பு வானொலியை நிறுவியோருள் முதன்மையானவர் பேர்டினண்ட் நகிமானா, தேசியப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர். றுவாண்டாவுக்கான சர்வதேச நீதிமன்று 2003இல் அவருக்கு ஆயுட்சிறை விதித்தது. 2007இல் மேன்முறையீட்டில் அது முப்பது ஆண்டாகக் குறைக்கப்பட்டது. வெறுப்பைப் பாமரரின் அறியாமை எனக் கூறி ஒதுங்கும் கல்விமான்கள் இதற்கு யாது விடை பகர்வர்? கத்தியைப் பாமரன் ஏந்தினான். அதற்கான நியாயத்தைக் கற்றவனே எழுதிக் கொடுத்தான்.

தடுப்பு முயற்சி நடைமுறைச் சாத்தியமற்றது, செலவு மிக்கது என்போர் மசிடோனியாவை நோக்குக. யூகோஸ்லாவியா சிதைந்து அயலெங்கும் போர் நடந்த காலத்தில், அந்நாட்டின் சனாதிபதி கிளிகொரொவ் தாமாகவே முன்வந்து படையுதவி கோரினார். 1992 டிசம்பரில் பாதுகாப்புச் சபை அதற்கு இணங்கியது. போர் தொடங்குமுன்னரே அமைதிப்படை நிறுத்தப்பட்டது ஐக்கிய நாடுகள் சபையின் வரலாற்றில் அதுவே முதல் தடவை. ஏறத்தாழ ஆயிரம் படையினர் எல்லையைக் கண்காணித்தனர். போர் உள்ளே நுழையவில்லை. ஆனால் மசிடோனியா தாய்வானுடன் உறவு பூண்டதைத் தொடர்ந்து, 1999 பெப்ரவரியில் சீனா தன் வீட்டோ அதிகாரத்தாற் படையின் கால நீடிப்பைத் தடுத்தது. இரண்டே ஆண்டுகளில், 2001இல், அந்நாட்டில் ஆயுத மோதல் எழுந்தது. கொசோவாப் போரின் விளைவுகளும் அதற்குக் காரணமாயின என்பது மெய்யே. எனினும், காவல் வேண்டப்பட்ட வேளையிற் காவலாளியை வேறொரு வழக்கின் பொருட்டு அனுப்பிவிட்டனர் என்பதும் மெய்யே.

இவ்விடத்து, முற்போக்காளர் சிலர் எழுப்பும் தடையொன்று கவனித்தற்குரியது. முரண்பாடே வரலாற்றை உந்தும் சக்தி. ‘மோதலை முகாமை செய்தல்’ என்பது ஒடுக்கப்பட்டோரின் நியாயமான எழுச்சியை அடக்கும் தந்திரம் என்பர் அவர். இதில் உண்மையின் ஒரு கூறுண்டு. அநீதியை அப்படியே வைத்துக்கொண்டு ஊரடங்குச் சட்டத்தால் அமைதி காண முயல்வது தடுப்பு ஆகாது, அது ஒத்திவைப்பு. ஆயினும் முரண்பாடு வேறு, படுகொலை வேறு. முரண்பாட்டைச் சங்கமும் மன்றும் சட்டசபையும் தாங்கும். படுகொலையோ எந்த அநீதியையும் களைந்ததில்லை. மசிடோனியாவின் 2001 மோதல் அவ்வாண்டு ஓகஸ்டிலேயே ஒஹ்ரிட் உடன்படிக்கையால் முடிவுக்கு வந்தது. இருபது வீதத்தினராவது அல்பேனிய மொழி பேசும் பகுதிகளில் அம்மொழிக்கு உத்தியோக நிலை வழங்க அது வழிசெய்தது. நீதி வழங்கலும் தடுப்பின் ஓர் உறுப்பே. அதுவே அதன் தலையாய உறுப்பு.

இலங்கையின் அனுபவம் இவற்றினின்றும் வேறுபட்டதன்று. 1958 மே 22ஆந் திகதி பொலன்னறுவையிற் புகையிரதப் பயணிகள் தாக்கப்பட்டனர். அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டதோ 27ஆந் திகதி. இடைப்பட்ட நாள்களில் மாண்டோர் எவ்விதியால் மாண்டனர்? 1983 யூலையிற் கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளைக் கையிலேந்தி வீடுவீடாகச் சென்றன. அம்மாதம் 25ஆந் திகதி வெலிக்கடைச் சிறையிற் கைதிகள் கொல்லப்பட்டனர். இரு நாள் கழிந்து, அதே மதிலுக்குள், அதே காவலின் கீழ், மீண்டும் கொலை நிகழ்ந்தது. இரு நாளிலும் மாண்டோர் 53 பேர். பூட்டிய கதவுக்குள் எவ்வாறு ‘மூளும்’? 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. அதற்கு முன்னரே சமூக ஊடகங்களில் வெறுப்புரை தடையின்றி உலாவியது. முகநூல் நிறுவனம் இதற்காக மன்னிப்புக் கோரியது 2020இல். 2009இன் போர் முடிவுக் காலத்தில் தான் செயற்பட்ட விதத்தை ஐக்கிய நாடுகள் சபையின் உள்ளக மீளாய்வே 2012இல் முறைமைசார் தோல்வி எனக் கூறிற்று. றுவாண்டாவின் பாடம் படிக்கப்பட்டது; பயிலப்படவில்லை.

சட்டம் இல்லை என்பதும் சாட்டே. இன, மத வெறுப்பைத் தூண்டுதலைத் தண்டிக்கும் சட்டம் இந்நாட்டில் 2007 முதல் உண்டு. அச்சட்டத்தின் கீழ் 2019இற் கைதானவர்களுள் ஒருவர் சிறுகதை எழுதிய ஓர் எழுத்தாளர். மேடையில் முழங்குவோரை விட்டுப் பேனாவைப் பிடிக்கும் சட்டம் தடுப்புச் சட்டமாகாது. வேண்டுவன அரியவை அல்ல: வெறுப்புரை யார் வாயினின்று வந்தாலும் ஒரே அளவுகோல், முதல் மணித்தியாலத்திலேயே உத்தரவிடத் தவறிய அதிகாரியை விசாரிக்கும் நடைமுறை, ஊர்தோறும் வதந்தியை உடனுக்குடன் மறுக்கவல்ல, எல்லாச் சமூகத்தவரும் அடங்கிய குழுக்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, குறைகளை அவை குறைகளாக இருக்கும்போதே தீர்க்கும் அரசியல். பிணங்களை எண்ணியபின் ஆணைக்குழு அமைக்கும் மரபுக்கு நாடு பழகிப்போயிற்று. உயிரோடிருப்போரை எண்ணி அமைக்கப்படும் ஆணைக்குழுவே இனித் தேவை.

பல்கலைக்கழகம் செய்யக்கூடிய முதற்பணி சொல்லிலிருந்தே தொடங்குகிறது. வருங்கால ஆசிரியரும் பத்திரிகையாளரும் நிருவாக அதிகாரிகளும் இக்கலைப்பீடங்களிலிருந்தே வெளியேறுவர். அடுத்த முறை ‘கலவரம் மூண்டது’ என எழுதக் கை எழும்போது, வாக்கியத்தின் எழுவாய் யாதென ஒருகணம் அவர்கள் தேடுவாராக. மூட்டியவர் பெயரும், விறகு கொடுத்தவர் பெயரும், நீர்க்குடத்தை வைத்துக்கொண்டு வாளாவிருந்தவர் பெயரும் அங்கு எழுதப்படட்டும்.